மடியில் போட ஒரு சிறு போர்வை

நினைவாற்றல் குறைந்துவரும் முதியோரின் கைகள் சும்மா இருப்பதில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டும். போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டும். சொட்டு மருந்து ஏறும் கையாக இருந்தால் ஊசியின் மேல் ஒட்டிய பட்டையைப் பிய்த்துவிடும். "கையைக் கட்டி வெச்சிடலாமா, டாக்டர்?" என்று பார்த்துக்கொள்பவர்களே மனம் நொந்து கேட்கும் நிலை வருகிறது. கட்ட வேண்டாம், கைக்கு ஒரு வேலை கொடுங்கள் என்பதே எங்கள் விடை. அதற்காக எங்கள் முதியோர் நலப் பிரிவில் நாங்கள் பரிந்துரைத்துவரும் ஒரு பொருளைப் பற்றி இங்கு எழுதுகிறோம். குடும்பத்தாரின் பழைய ஆடைகளிலிருந்து துண்டுகளை வெட்டி இணைத்து, மடியில் போட்டுக்கொள்ளும் அளவில் தைக்கும் சிறு போர்வை அது.

முதலில் ஓர் எச்சரிக்கை. நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று துணியைப் பிய்க்கத் தொடங்கினாலோ, காற்றில் எதையோ பிடிப்பதுபோல் கைகளை அசைத்தாலோ, இரவெல்லாம் விழித்துப் பிதற்றினாலோ அதற்குப் போர்வை மருந்தாகாது. அது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலையாக இருக்கக்கூடும். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எனக் காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை கண்டறிந்து சரிசெய்யக்கூடியவை. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்த மறதிநோயில் காணப்படும் கைகளின் ஓய்வின்மையைப் பற்றி மட்டுமே நாங்கள் இங்குப் பேசுகிறோம்.

இதைத் தைத்துக் கொடுத்தால் அம்மாவுக்கு நினைவு திரும்புமா என்று பலரும் கேட்கிறார்கள். திரும்பாது. ஆல்சைமர் நோயில் மூளையின் நரம்பணுக்கள் அழிகின்றன. துணி அவற்றை மீட்டுத் தராது. பழைய பொருள்கள், படங்கள், பாடல்கள் ஆகியவற்றின் வழியாகக் கடந்தகாலத்தைப் பேசவைக்கும் முறையைப் பற்றிய 22 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு ஒன்று 2018-இல் தொகுத்து ஆராய்ந்தது. பயன் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் சிறிது. எல்லா ஆய்வுகளிலும் ஒரே சீராகவும் இல்லை என்று அது கண்டது. நாங்கள் வாக்களிப்பதும் அவ்வளவுதான். கால் மணி நேர அமைதி, எதிர்பாராமல் வரும் ஒரு பேச்சு, ஊசியைப் பிடுங்காமல் கழிந்த ஒரு பிற்பகல். இரவு பகலாக உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு இவற்றின் மதிப்பு தெரியும்.

இந்தப் பயனிலும் பெரும்பகுதி, முடிந்த போர்வையைவிட அதைத் தைக்கும் நாள்களிலேயே கிடைக்கிறது. ஆகவே, மறைவாகத் தைத்துப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க எண்ணுகிறவர்களிடம் நாங்கள் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு: அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு தையுங்கள். அவர்கள் இன்னும் நான்கு சொற்கள் பேசக்கூடிய காலத்திலேயே தையுங்கள்.

பழந்துணியை மதிப்பது நமக்குப் புதிதன்று. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், பெரியவர்கள் உடுத்தித் துவைத்துப் பஞ்சுபோல் ஆகிவிட்ட வேட்டியையும் சேலையையும் கிழித்துப் போடும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. தூளி கட்டுவதும் அம்மாவின் நூல்சேலையில்தான். பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவையும் பீகாரின் சுஜனியையும் பலர் அறிவர். கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். மூலைகளில் பூவைப்போல் மடித்த சிறு துணிகளை வைக்காமல் அந்தப் போர்வை முழுமை பெற்றதாகக் கொள்ளமாட்டார்கள். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் இறந்தோரின் உறவினரும் நண்பரும் தைத்த பெரும் நினைவுப் போர்வை 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. அது போனவர்களுக்காகத் தைத்தது. நம்முடையது இருப்பவர்களோடு சேர்ந்து தைப்பது.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் வீடுகளில் சண்டை வருகிறது. குடும்பத்தாரின் இசைவோடு ஒன்றைச் சொல்கிறோம். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாருக்காக மகளும் மருமகளும் துணி சேர்த்தார்கள். அம்மாவின் கல்யாணப் பட்டை வெட்டியே ஆக வேண்டும் என்றார் மகள். அதில் கத்திரிக்கோல் படக்கூடாது என்றார் மருமகள். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் எல்லாத் துணிகளையும் கட்டிலில் பரப்பி அம்மையாரையே எடுக்கவிடுங்கள் என்றோம். அவர் பட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். கணக்கிலேயே சேர்க்காமல், மூட்டை கட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த ஒரு காக்கிச் சட்டையை இழுத்தெடுத்தார். பேருந்து நடத்துநராக இருந்து காலமான கணவரின் சட்டை அது. சட்டையை மடியில் விரித்து, பையினுள் இரு விரல்களை விட்டுத் துழாவினார். துவைக்கப் போடும் முன் சில்லறையும் பயணச்சீட்டும் கிடக்கின்றனவா என்று பார்க்கும் பழக்கம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாள்தோறும் செய்த வேலை. மகளின் பெயர் அன்றும் அவருக்கு நினைவில் இல்லை.

எந்தத் துணி முக்கியம் என்பதைக் கைதான் சொல்லும் என்பது எங்கள் கருத்து. கல்யாணப் பட்டு குடும்பத்தின் நினைவு, புகைப்படத்தின் நினைவு. ஆண்டுக்கு இரண்டுமுறை உடுத்திய சேலையைவிட நாள்தோறும் துவைத்த, மடித்த, முகம் துடைத்த துணிகளைக் கை நன்கு அறியும். மல் வேட்டி, சுங்குடிச் சேலை, பள்ளிச் சீருடை, கைலி, தேங்காய்ப்பூத் துண்டு, அடுப்படியில் கைத்துணியாகிப்போன பழைய பாவாடை ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். பட்டைத் தவிர்ப்பதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. நோயாளியின் துணி வெந்நீரையும் சோப்பையும் வெயிலையும் தாங்க வேண்டும், பட்டு தாங்காது. சரிகை மெலிந்த தோலைக் கீறும். மணநாளின் அடையாளம் ஏதேனும் இருந்தே ஆக வேண்டும் என்றால், அன்று அணிந்த ரவிக்கையின் உள்ளே பருத்தி லைனிங் இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

துணிகளைக் காட்டும்போது தேர்வு வைக்காதீர்கள். "இது யாரோட சேலை, சொல்லு பாப்போம்" என்று கேட்டால், விடை தெரியாத கூச்சமே அவர்களுக்கு மிஞ்சும். "இது அப்பா தீபாவளிக்கு எடுத்துத் தந்ததும்மா" என்று நீங்களே சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். பேச்சு வந்தால் வரட்டும். வராவிட்டால் துணியை நீவிக்கொண்டிருக்கட்டும். ஒரு துணியைக் கண்டு அழுதால் அதைத் தள்ளிவைத்துவிடலாம். மறுமுறை கேட்டால் எடுக்கலாம்.

இதைவிடக் கடினமான தருணம் ஒன்று வரும். அந்தக் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மையார் கேட்டார்: "அவர் டூட்டிக்குப் போயிட்டாரா?" இறந்துவிட்டார் என்று மகள் முதல்நாள் உண்மையைச் சொன்னார். அம்மையாருக்கு அது புதுச் செய்தி. அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் அதே கேள்வி. ஒவ்வொரு நாளும் ஒருவரைப் புதிதாகக் கைம்பெண்ணாக்க வேண்டியதில்லை என்று நாங்கள் மகளிடம் சொன்னோம். பொய் சொல்லவும் வேண்டியதில்லை. கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்திற்கு விடை சொல்லலாம். பிறகு மகள் இப்படிப் பேசக் கற்றுக்கொண்டார்: "அப்பா நெனப்பு வந்துடுச்சாம்மா? இந்தச் சட்டைய நீதானே தெனமும் துவைச்சு இஸ்திரி போட்டு வெப்ப." அம்மையார் காலரில் ஏறிய அழுக்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

இனித் தைக்கும் முறை. மடிக்கு 24 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் போதும். அதைவிடப் பெரிதானால் சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கும். நடப்பவர்களின் காலைத் தடுக்கும். 7 அங்குலச் சதுரங்களாக 20 துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். நாற்புறமும் அரை அங்குலம் தையலுக்குப் போக, வரிசைக்கு நான்காக ஐந்து வரிசை வைத்தால் அளவு சரியாக வரும். தேர்ந்த தையற்காரர்கள் கால் அங்குலம் விட்டால் போதும் என்பார்கள். நைந்த துணி பிரிந்துவிடும் என்பதால் அரை அங்குலம் என்கிறோம். அக்குளும் முழங்கையும் இற்றுப்போயிருக்கும், ஆகவே சட்டையின் முதுகிலிருந்தும் சேலையின் உள்பக்கத்திலிருந்தும் வெட்டுங்கள். பையும் காலரும் மடிப்பும் இருக்கும் இடங்களை அப்படியே விட்டுவையுங்கள். விரல்கள் தேடுவது அவற்றைத்தான். நடுவே இலவம்பஞ்சு வேண்டாம், துவைத்தால் ஒரு மூலையில் திரண்டுவிடும். பழைய பருத்திப் போர்வை ஒன்றை அளவாக வெட்டி வைக்கலாம். அடியில் காடாத் துணி. மேல்துணியையும் அடித்துணியையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து, போர்வைத் துணியையும் அவற்றோடு வைத்து, ஒரு சாண் திறப்பு விட்டுச் சுற்றித் தைத்துத் திருப்பிவிட்டால் ஓரமும் முடிந்துவிடும். திறப்பை மூடி, சதுரங்களின் இணைப்பை ஒட்டி மூன்று அடுக்கும் பிடிபடும்படி கையால் ஓட்டுத் தையல் போடுங்கள்.

இந்தக் கடைசி வேலையை நோயாளியிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். முன்பு தைத்துப் பழகியவர்களுக்குப் பெயர்களும் நாள்களும் மறந்தபின்னும் கைப்பழக்கம் நெடுநாள் நிற்பதுண்டு. தையல் கோணலாக இருந்தால் அவர்கள் கண்முன் பிரிக்காதீர்கள். நீரிழிவால் விரல்நுனி மரத்துப்போனவர்களுக்கு அங்குஸ்தான் மாட்டிவிடுங்கள். உட்காரும்போது எத்தனை ஊசி எடுத்தீர்கள், எழும்போது எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது உங்கள் பொறுப்பு. கையில் கிடைப்பதை வாயில் போடும் நிலைக்கு வந்தவர்களாயின் பொத்தான், மணி, நீண்ட நாடா எதுவும் போர்வையில் இருக்கக்கூடாது.

துணியைத் துவைப்பதைப் பற்றி ஒரு தயக்கம் எழும். இறந்தவரின் வாசனை போய்விடும் என்று சிலர் சட்டையைத் துவைக்க மறுக்கிறார்கள். அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. துவைக்காத ஒரு துண்டை மூடியுள்ள டப்பாவில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போர்வைக்குள் போவது மட்டும் துவைத்ததாக இருக்கட்டும். பெட்டியடியில் பாச்சை உருண்டையோடு கிடந்த துணியைத் துவைத்து, வாசம் போகும்வரை வெயிலில் உலர்த்துங்கள். நாஃப்தலீன் கலந்த உருண்டைகள் பச்சிளங்குழந்தைகளுக்கு, குறிப்பாக ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. இதைச் சொல்வதற்குக் காரணம், பாட்டியின் போர்வை விரைவிலேயே பேரக்குழந்தையிடம் போய்விடுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும்போது இதைப் போர்த்தவும் அருகில் வைக்கவும் கூடாது, மூச்சை அடைக்கலாம்.

மருத்துவமனைக்குத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். பொதுப்பிரிவில் தடையில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலும், அறுவைசிகிச்சைக்குப் பின்னும், புற்றுநோய் மருந்தால் வெள்ளணு குறைந்திருக்கும் நாள்களிலும் செவிலியரைக் கேட்டபின்பே பயன்படுத்தலாம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் வேண்டாம்; சரிகை, ஜிப், கொக்கி எல்லாம் உலோகம். புண்ணின்மேல் படக்கூடாது.

பின்பக்கத்தில் ஒரு வெள்ளை நாடாவைத் தைத்து, அழியாத மையால் நோயாளியின் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். கீழே, எந்தத் துண்டு யாருடையது என்று இரண்டு வரி. காக்கி கணவருடையது, அவர் நடத்துநர் என்று தெரிந்தால் இரவுப் பணிச் செவிலியர் பேச்சைத் தொடங்க அதுவே போதும். அழுக்கானால் வீட்டுக்கு எடுத்துச்சென்று துவைத்து வாருங்கள். படுக்கை விரிப்புகளோடு சேர்ந்து மருத்துவமனைச் சலவைக்குப் போய்விட்டால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.