கிழக்கு ஏன் கீழே இருக்கிறது?



பொன்னேரி ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலுக்காக நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீஞ்சூரிலிருந்து வரும் வண்டி கவரைப்பேட்டையை நோக்கி, அதாவது வடக்கே, போகும். வண்டி போகிற பக்கம் முகத்தைத் திருப்பி நில்லுங்கள். வலக்கைப் பக்கம் கிழக்கு, கடல் அங்கேதான். இடக்கைப் பக்கம் மேற்கு. ஊத்துக்கோட்டையும் அதைத் தாண்டி நகரி மலையும் அந்தப் பக்கம்.

"இது ஒன்றாம் வகுப்புப் பாடம் ஆச்சே!" என்கிறீர்களா? சரி, ஒரு கேள்வி. கிழக்குக்குக் கிழக்கு என்று ஏன் பெயர் வந்தது?

விடை உங்கள் ஊர் ஆற்றிலேயே ஓடுகிறது. ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் பிறக்கிறது. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியே பொன்னேரிக்கு வந்து, பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. பூண்டியைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் கொசஸ்தலை ஆறும் அதே பக்கம்தான் ஓடுகிறது. பாலாறு, காவிரி, வைகை, தாமிரபரணி எல்லாம் இப்படியே. தமிழ்நாட்டின் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மேலே இருக்கும் பக்கம் மேற்கு. கீழே இருக்கும் பக்கம் கிழக்கு. நம் முன்னோர் தரையின் சாய்வைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கீழ்முதலம்பேடு, மேல்முதலம்பேடு என்று ஊர்கள் உண்டு. எது எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போவோம். அங்கே மலை கிழக்கே, கடல் மேற்கே. எல்லாம் தலைகீழ்! ஆனாலும் மலையாளத்தில் கிழக்குக்குப் பெயர் 'கிழக்கு'தான். உயரமான மலை நிற்கும் பக்கத்துக்குக் 'கீழ்' என்று பெயர்! திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் இதைக் கவனித்தார். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல்தான் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்றார். மேற்குக்கு மட்டும் மலையாளிகள் 'படிஞ்ஞாறு' என்கிறார்கள். படும் ஞாயிறு, அதாவது சூரியன் மறையும் பக்கம்.

சூரியனைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைத்தவர்கள் உலகில் பலர். துருக்கி நாட்டில் கிழக்குக்குப் பெயர் 'தோவு'. பிறப்பது, உதிப்பது என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. மேற்கு அங்கே 'பத்து'! முதல் எழுத்தைப் 'பந்து' என்பதில் வருகிற மாதிரி ஒலிக்க வேண்டும். மூழ்குவது என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'ஈஸ்ட்' விடியலைக் குறித்த பழைய சொல்லோடு உறவுடையது. கல்லூரியில் சேர்ந்ததும் அண்ணன், அக்காவுக்கு 'ஓரியன்டேஷன்' நடத்துகிறார்களே, அதற்குள்ளும் உதிக்கும் சூரியனைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது.

ஆனால் சூரியனை நம்புவதில் ஒரு சிக்கல். அது மிகச் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான். ஜூன் கடைசியில் பொன்னேரியில் நின்று பார்த்தால், கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கும்.

துருக்கியின் இன்னும் இரண்டு சொற்களைக் கேளுங்கள். தெற்கு 'கூனெய்', வெயில் படும் பக்கம். வடக்கு 'குஸெய்', நிழல் விழும் பக்கம். துருக்கி, பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கிறது. அதனால் வருடம் முழுக்க நண்பகல் சூரியன் அங்கே தெற்கில்தான் நிற்கும். மலையின் தெற்குச் சரிவில் வெயில், வடக்குச் சரிவில் நிழல்.

பொன்னேரியில் இந்தப் பெயர் செல்லுமா? செல்லாது! நம் ஊர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே! அப்போது உங்கள் நிழல் தெற்கே விழும்.

மூன்றாவது வகைச் சொற்கள் உடம்பிலிருந்து வந்தவை. சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. சமஸ்கிருதத்தில் 'தட்சிணம்' என்றால் வலப்பக்கம், தெற்கு, இரண்டும்தான். தக்காணம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் அண்ணன்மாரிடம் தெற்குக்கு என்ன சொல் என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் வழி சொல்லும் தாத்தா, "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்பாரே, அதுவும் உடம்புச் சொல்தான். இதிலும் வம்பு உண்டு: நீங்கள் திரும்பினால் அதுவும் உங்களோடு திரும்பிவிடும்.

தரை, சூரியன், உடம்பு. மூன்றும் நல்ல அடையாளங்கள். ஆனால் எதுவும் எல்லா ஊருக்கும் எப்போதும் பொருந்தாது. அப்படியானால் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் திசை எது? பூமி ஓர் அச்சில் தன்னைத்தானே சுற்றுகிறது. அந்த அச்சின் இரு முனைகள்தான் வடக்கும் தெற்கும். சுற்றிப்போகும் பக்கம் கிழக்கு. அதனால்தான் சூரியன் கிழக்கில் உதிப்பதாகத் தெரிகிறது.

பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் பல ராக்கெட்டுகளைக் கிழக்கு நோக்கிக் கடல்மேல் ஏவுவதற்கும் இந்தச் சுழற்சி ஒரு காரணம். அங்கே பூமியின் பரப்பு மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. விழுந்தால் கடலில் விழும் என்பது இன்னொரு காரணம்.

இனி நீங்களே திசையைக் கண்டுபிடியுங்கள். சமதளமான இடத்தில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். அதை மையமாக வைத்துத் தரையில் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நீளமாக இருக்கும், மெல்லக் குறையும். நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல் வையுங்கள். பிற்பகலில் நிழல் மறுபடி நீண்டு, எதிர்ப்பக்கத்தில் வட்டத்தைத் தொடும். அங்கே இன்னொரு கல். இரண்டு கற்களையும் இணைத்துக் கோடு போட்டால் அதுதான் கிழக்கு மேற்கு. காலைக் கல் மேற்கே, மாலைக் கல் கிழக்கே. அந்தக் காலச் சிற்பிகள் கோயிலுக்குத் திசை குறித்ததும் இந்த முறையில்தான். அந்தக் குச்சிக்குச் 'சங்கு' என்று பெயர்.

இரவில் வடக்கே பாருங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரி உயரத்தில் தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அதைவிடச் சற்று மேலே தேடுங்கள். துருக்கியின் தலைநகர் அங்காராவில் அதே நட்சத்திரம் 40 டிகிரி உயரத்தில் நிற்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே எந்த ஊரானாலும் அந்த நட்சத்திரத்தின் உயரம்தான் ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை. மேகமில்லாத இரவில் அளந்து பார்த்து, நோட்டில் எழுதி வையுங்கள்.