நூறு யூரோவில் ரோம்: நடந்து வருபவனுக்காகக் கட்டிய ஊர்

2023 நவம்பர். ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த நேரம். மலிவு விமானத்தில் ரோமுக்குப் போய்வர டிக்கெட் கிடைத்தது. நான்கு இரவுக்கு ஹாஸ்டலில் ஒரு கட்டில், அதற்கான நகர வரி எல்லாம் முன்பே கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு கையில் மிச்சம் இருந்தது சரியாக 100 யூரோ. உதவித்தொகை வர இன்னும் பத்து நாள் இருந்தது. அதாவது நூறு என்றால் நூறுதான், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

முதல் நாளே சொதப்பினேன். விமான நிலையத்திலிருந்து தெர்மினி ரயில் நிலையத்துக்கு நேராகப் போகும் விரைவு ரயிலில் ஏறினேன், 14 யூரோ. அதே நிலையத்திலிருந்து சாதாரண உள்ளூர் ரயிலில் 8 யூரோவுக்கு ஒஸ்தியென்சே வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. மாலையில் ஒரு சதுக்கத்தில் கால் வலிக்கிறதே என்று நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காபியும் ஒரு பாட்டில் தண்ணீரும் கேட்டேன். பில் 11 யூரோ. ராத்திரி 5 யூரோவுக்கு ஒரு துண்டு பீட்சா. முதல் நாள் முடிவதற்குள் 30 யூரோ காலி.

அன்று இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கொலோசியம் 18 யூரோ, வத்திக்கான் அருங்காட்சியகம் அதற்கும் மேலே. ‘இவ்வளவு தூரம் வந்து வெளியிலிருந்து சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பவா?’ என்று தோன்றியது. மறுநாளுக்கு எவையெல்லாம் இலவசம் என்று ஒரு பட்டியல் போட்டேன். அது நீண்டுகொண்டே போனது. அப்போதுதான் வேறொரு கேள்வி வந்தது: இந்த ஊரில் இவ்வளவு ஏன் இலவசமாக இருக்கிறது?

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்தக் கட்டுரை. செலவுக் கணக்கைக் கடைசியில் தருகிறேன்.

யாத்ரீகன் என்ற பட்ஜெட் பயணி

ரோமை நாம் சீசர்களின் ஊர் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். ஆனால் இன்று நாம் நடக்கிற ரோமின் பெரும்பகுதியை ஒழுங்கு செய்தவர்கள் போப்கள். அவர்கள் மனதில் இருந்த பயணி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி மாதக்கணக்கில் நடந்துவந்த, பையில் அதிகம் காசில்லாத யாத்ரீகன்.

1300இல் எட்டாம் போனிஃபேஸ் போப் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். அந்த ஆண்டு ரோமுக்கு வந்து குறிப்பிட்ட பேராலயங்களைத் தரிசித்தால் பாவங்களுக்கான தண்டனை நீங்கும் என்றார். கூட்டம் வந்தது. கூட்டம் வந்தால் என்னென்ன வேண்டும்? வழி, பாலம், தண்ணீர், படுக்கை. இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. 1450 யூபிலியின்போது சாந்தாஞ்சலோ பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த யூபிலி 1475இல் வந்தது. அதற்காக நான்காம் சிக்ஸ்துஸ் போப் ஆற்றின் மேல் இன்னொரு பாலம் கட்ட ஏற்பாடு செய்தார். அவர் பெயரில் இன்றும் இருக்கிறது, போந்தே சிஸ்தோ. மாலையில் அதன்மேல் நின்றால் தூரத்தில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். இப்போது பாட்டுக்காரர்களும் காதலர்களும் நிற்கிற இடம். ஆனால் அது ஒரு விபத்திலிருந்து கற்ற பாடம்.

அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே ‘யாத்ரீகர்களின் திரித்துவம்’ என்ற பெயரில் ஒரு ஆலயம் உண்டு. பிலிப் நேரி என்ற குரு 1548இல் தொடங்கிய சபையின் ஆலயம். நம் மொழியில் சொன்னால் இந்தச் சபை நடத்தியது ஒரு சத்திரம். வருகிற ஏழை யாத்ரீகர்களுக்குச் சாப்பாடு, படுக்கை, எல்லாவற்றுக்கும் முன்னால் கால் கழுவிவிடுவது. கர்தினால்களும் வந்து கால் கழுவினார்கள். 1575 யூபிலியில் மட்டும் லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே தங்கிப்போனார்கள்.

கல்லில் நட்ட கூகுள் மேப்

சரி, படுக்கை கிடைத்தாயிற்று. அடுத்த பிரச்சினை வழி. யாத்ரீகர்கள் ஏழு ஆலயங்களைச் சுற்றிவர வேண்டும். அவற்றில் சில நகரச் சுவருக்கு வெளியே. நடுவில் திராட்சைத் தோட்டங்கள், இடிபாடுகள், மேடு பள்ளம். மொழி தெரியாது, எழுதப் படிக்கத் தெரியாது.

ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1585இல் போப் ஆனார், 1590இல் இறந்துவிட்டார். அந்த ஐந்தே ஆண்டுகளில் அவர் செய்த வேலை எளிமையானது, ஆனால் அசாத்தியமானது. முக்கிய ஆலயங்களை நேர்கோட்டுச் சாலைகளால் இணைத்தார். பழைய ரோமானியப் பேரரசர்கள் எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒபிலிஸ்க்குகளை, அதாவது ஒற்றைக்கல் ஊசித்தூண்களை, எடுத்து அந்தச் சாலைகளின் முனைகளில் நிறுத்தினார். தொமெனிக்கோ ஃபொந்தானா என்ற கட்டடக் கலைஞர் 1586இல் புனித பேதுரு சதுக்கத்துத் தூணை நகர்த்தியபோது சுமார் 900 ஆட்களும் குதிரைகளும் வடம் இழுத்தார்கள். 1587இல் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தின் பின்புறம் ஒன்று, 1588இல் லாத்தரன் ஆலயத்தின் அருகே ஒன்று, 1589இல் வடக்கு வாசலான பியாஸா தெல் போப்பொலோவில் ஒன்று. தூரத்தில் ஊசி தெரிகிறதா? அதை நோக்கி நட. அவ்வளவுதான். படிக்கத் தெரிய வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

நான் இதைச் சோதித்தே பார்த்தேன். இரண்டாம் நாள் மொபைலைப் பையில் போட்டுவிட்டு சாந்தா மரியா மஜ்ஜோரேயிலிருந்து மெருலானா சாலையில் இறங்கினேன். நேர்கோடு. இருபது நிமிடத்தில் லாத்தரன் தூணின் அடியில் நின்றேன். 32 மீட்டர், இன்று நின்றுகொண்டிருக்கும் எகிப்தியத் தூண்களிலேயே உயரமானது, கர்னாக் கோயிலிலிருந்து வந்தது. பிறகு மறுபக்கம் நடந்து ‘நான்கு நீரூற்றுகள்’ என்ற நாற்சந்திக்குப் போனேன். அங்கே நடுவில் நின்றால் மூன்று திசைகளில் மூன்று ஊசித்தூண்கள் தெரியும். அவற்றில் இரண்டு, இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த போப் நிறுத்தியவை. முறை பிடித்துப்போனதால் பின்னால் வந்தவர்களும் தொடர்ந்திருக்கிறார்கள். (வண்டி வரும், நடுவில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள்.)

இதில் முழுக்க தர்மசிந்தனைதான் இருந்தது என்று சொல்ல மாட்டேன். லூதரின் கலகத்துக்குப் பிறகு ரோமின் பெருமையை உலகுக்குக் காட்ட வேண்டிய அவசியம் இருந்தது. இதே சிக்ஸ்துஸ்தான் செப்திசோதியும் என்ற பழங்கால மாளிகை முகப்பை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டவரும். ஆனால் நோக்கம் எதுவானாலும் பலன் நடப்பவனுக்குக் கிடைத்தது, இன்றும் கிடைக்கிறது.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள்

அந்த 11 யூரோ பில்லில் எனக்கு இன்னும் உறுத்துவது தண்ணீர்தான். ரோமில் சுமார் 2,500 தெருக்குழாய்கள் நாள் முழுக்கக் குடிநீர் ஊற்றிக்கொண்டிருக்கின்றன. இரும்பில் வார்த்த, இடுப்புயரத் தூண். வளைந்த மூக்கு போல ஒரு குழாய். அதனால் உள்ளூரில் ‘நசோனே’, பெரிய மூக்கு என்று பெயர். ரோம் இத்தாலியின் தலைநகரான பிறகு, 1874இல் மாநகராட்சி வைக்க ஆரம்பித்தது. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், அப்படியே வாய் வைக்காமல் குடிக்கலாம். முதல்முறை நான் சட்டையை நனைத்துக்கொண்டேன்.

ரோமில் தண்ணீர் இலவசம் என்ற பழக்கம் இதைவிடப் பழையது. கி.மு. 19இல் அக்ரிப்பா கட்டிய ‘அக்வா விர்கோ’ கால்வாய் 20 கிலோமீட்டர் தூரத்திலிருந்து நீர் கொண்டுவந்தது. கி.பி. 537இல் கோத்துகள் நகரை முற்றுகையிட்டுக் கால்வாய்களை வெட்டினார்கள். இது பெரும்பாலும் நிலத்தடியில் ஓடுவதால் மற்றவற்றைப் போல ஒரேயடியாக அழியவில்லை. போப்கள் பழுதுபார்த்தார்கள். அதன் கடைசி முனைதான் 1762இல் கட்டி முடித்த த்ரேவி நீரூற்று. எல்லோரும் நாணயம் வீசுகிற அந்த நீரூற்று அடிப்படையில் ஒரு தண்ணீர்க் குழாயின் முடிவிடம்!

கோடிகள் மதிப்புள்ள ஓவியம், ஒரு யூரோ விளக்கு

அருங்காட்சியகத்தில் கரவாஜியோவைப் பார்க்கக் காசு வேண்டும். ரோமில் வேண்டாம். அவர் வரைந்துகொடுத்த அதே ஆலயத்தில், அதே சுவரில், ஆறு ஓவியங்கள் இருக்கின்றன. சான் லூயிஜி தெய் ஃபிரான்சேசியில் மூன்று, சாந்தா மரியா தெல் போப்பொலோவில் இரண்டு, சாந்தகொஸ்தினோவில் ஒன்று. மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை ‘சங்கிலிகளின் புனித பேதுரு’ ஆலயத்தில் இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை. ஆலயத்துக்காகச் செய்யப்பட்டு ஆலயத்திலேயே தங்கிவிட்டதால்தான் இவை இலவசம். பெயர்த்துக்கொண்டு போயிருந்தால் டிக்கெட் வந்திருக்கும்.

சான் லூயிஜியில் சிற்றாலயம் இருட்டாக இருக்கும். பெட்டியில் நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறு யாராவது போடட்டும் என்று தூணோரம் காத்திருந்தேன். மூன்று முறை வெவ்வேறு ஆட்கள் போட்டார்கள், மூன்று முறையும் பார்த்தேன். நான்காவது முறை இருட்டானபோது ஒரு வயதான அம்மா பர்ஸில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். வெட்கமாகிவிட்டது. நானே ஒரு யூரோ போட்டேன்.

சாந்தகொஸ்தினோவில் நுழைந்ததும் இடப்பக்கம் முதல் சிற்றாலயம். மாதா குழந்தையோடு வீட்டு வாசலில் நிற்கிறார். எதிரே ஒரு கிழவனும் கிழவியும் மண்டியிட்டிருக்கிறார்கள், யாத்ரீகர்கள். கிழவனின் வெறுங்கால், அழுக்குப் பாதம், பார்ப்பவர் முகத்துக்கு நேராக. 1600களின் தொடக்கத்தில் இதை வைத்தபோது சனங்கள் பெரிய கூச்சல் போட்டார்கள் என்று கரவாஜியோவைப் பிடிக்காத சமகால ஓவியர் பாலியோனே எழுதியிருக்கிறார். கால் கழுவும் சத்திரம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அந்தப் பாதத்தை ரோமில் எல்லோரும் தினமும் பார்த்திருப்பார்கள். ஓவியத்தில் பார்த்ததுதான் புதிது. மூன்று நாளாக நடந்து என் காலிலும் கொப்புளம். இந்த ஊர் யாரை மனதில் வைத்துக் கட்டப்பட்டது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

நடைமுறைக்கு

- பல ஆலயங்கள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். காலையும் மாலையும் ஆலயம், மதியம் தெரு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.
- புனித பேதுரு பேராலயத்துக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். உள்ளே இலவசம், குவிமாடத்தில் ஏறத்தான் காசு.
- மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களும் கொலோசியமும் இலவசம். கடைசி ஞாயிறு காலை வத்திக்கான் அருங்காட்சியகம் இலவசம். கூட்டம் பயங்கரமாக இருக்கும்.
- காபியை நின்றுகொண்டே குடியுங்கள். கவுண்டரில் எனக்கு 1.20 யூரோ. மேசையில் உட்கார்ந்தால் விலை வேறு. காபி குடித்த கடையில் கழிப்பறையும் கேட்கலாம், இது முக்கியம்.
- பீட்சாவை வெட்டி எடை போட்டு விற்கும் கடைகளில் வாங்குங்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும்.
- பஸ் டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். ஏறியதும் முத்திரை குத்திக்கொள்ளுங்கள்.

கணக்கு

முதல் நாள் 30. மீதி மூன்று நாள் சாப்பாடும் காபியும் 33. பஸ் நான்கு முறை 6. விளக்குப் பெட்டி 2. தெஸ்தாச்சோ பகுதியில் ஒரே ஒரு முறை உட்கார்ந்து சாப்பிட்ட மாட்டுவால் குழம்பு 15. திரும்பிப் போக, இம்முறை சரியான ரயில், 8. இன்னொரு 5 யூரோ பாந்தியனுக்கு. மொத்தம் 99.

அந்த 5 யூரோவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போவதற்கு நான்கு மாதம் முன்பு வரை, அதாவது 2023 ஜூலை வரை, பாந்தியன் இலவசம். இப்போது கட்டணத்தில் 70 விழுக்காடு அரசின் பண்பாட்டு அமைச்சகத்துக்கு, 30 விழுக்காடு மறைமாவட்டத்துக்கு. ரோம்வாசிகளுக்குக் கட்டணம் கிடையாது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும்தானே, 5 யூரோ அநியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இலவசம் என்பது தானாக இருப்பதல்ல, யாரோ எப்போதோ எடுத்த முடிவு. முடிவுகளை மாற்றலாம், ஒவ்வொரு வாசலாக.

நான் போனபோது 2025 யூபிலிக்காக ஊரில் பல இடங்களில் தோண்டிப் போட்டிருந்தார்கள். திட்டிக்கொண்டேதான் சுற்றி நடந்தேன். இப்போது யோசித்தால், எழுநூறு ஆண்டுகளாக நடக்கிற அதே வேலைதான் அது.

கொலோசியத்துக்குள் போகவில்லை. அடுத்த முறை, முதல் ஞாயிறாகப் பார்த்துப் போக வேண்டும். மிச்சமிருந்த ஒரு யூரோ இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.