புளியங்கொட்டையும் விரல்நுனியும்

புளி உலுக்கும் மாசி, பங்குனியில் கம்பம் பள்ளத்தாக்கின் திண்ணைகளில் கொட்டைக்குப் பஞ்சமில்லை. அதிலிருந்து பிள்ளைகள் கண்ட ஆட்டம் இது.

கொட்டைகளைக் குவித்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். தனியே சிதறியவை ஊதியவருக்கே, அது அதிர்ஷ்டம். ஒட்டிக் கிடப்பவற்றை, பக்கத்துக் கொட்டை அசையாமல் விரல்நுனியால் எடுக்க வேண்டும், அது கைத்திறன். அசைந்தால் ஆட்டம் அடுத்தவருக்கு.

கொட்டையின் ஒரு பக்கத்தைக் கருங்கல்லில் தேய்த்தால் பழுப்புத் தோல் நீங்கி வெள்ளைப் பருப்பு தெரியும். அப்படித் தேய்த்த கொட்டைகளே தாயம் போடவும் உதவும்.

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையின் கரையிலுள்ள கீழடியில் பகடையும் 80 சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்ததைத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. கம்பம் பள்ளத்தாக்கின் நீரும் வைகையில்தான் சேர்கிறது; அந்த ஆற்றின் நிலத்தில் ஆட்டம் இன்னும் ஓயவில்லை.