ஒளியை நெய்த பொறிகள்

இசையை மின்சாரத்தால் ஆக்கும் கருவிகளைப் பற்றி நம்மவர் பலர் கேள்வியுற்றிருப்பர். காட்சியையும் அவ்வாறே ஆக்கிய கருவிகள் இருந்தன என்பதை அறிந்தவர் சிலரேயாவர். 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் தோன்றிய அக்கருவிகளைக் காட்சித் தொகுப்பிகள் எனலாம். அவற்றுட் சிலவே இன்று எஞ்சியுள்ளன. எனினும், அவற்றின் தொழிலைக் கணினியில் மீண்டும் நடத்திக் காட்டுவோர் இருக்கின்றனர். அம்முயற்சியால் நாம் காப்பது யாது, இழப்பது யாது என்பது சிந்தித்தற்குரியது.

கொரியாவிற் பிறந்த நாம் ஜூன் பைக் என்னும் கலைஞர், ஜப்பானியப் பொறியியலாளர் ஷூயா ஆபேயுடன் கூடி, பொஸ்ரன் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு தொகுப்பியை அமைத்தார். சிக்காகோவில் டான் சன்டின் 1971 முதல் 1973 வரை உழைத்து மற்றொன்றை ஆக்கினார். மூக் என்பாரின் இசைக்கருவியைக் கண்ணுக்குரியதாக மாற்றுதலே அவர் எண்ணம். ஸ்டீவ் ரட், பில் எட்ரா என்னும் இருவர் நியூயோர்க்கில் வேறொரு வகையைப் படைத்தனர்.

இவை தொழிற்பட்ட முறை வியப்புக்குரியது. பழைய தொலைக்காட்சித் திரையில் இலத்திரன் கற்றையொன்று வரிவரியாக ஓடிப் படத்தை எழுதும். அமெரிக்க முறையில் ஒரு படத்துக்கு 525 வரிகள். செக்கனுக்கு ஏறக்குறைய 30 படங்கள். ஒன்றுவிட்டொரு வரியாக எழுதுவதால், கற்றை செக்கனுக்கு 60 முறை திரையின் மேலிருந்து கீழிறங்கும். ஆகவே, செக்கனுக்கு 600 முறை ஏறியிறங்கும் மின்னலையொன்றைச் செலுத்தினால், திரையிற் பத்துக் கிடைப்பட்டைகள் தோன்றும். வரியோடும் வேகத்தின் மடங்காக அவ்வலையை விரைவுபடுத்தினால், பட்டைகள் நெட்டையாக நிற்கும். இரண்டையும் கலந்தால், பாவும் ஊடும் சேர்ந்த துணிபோற் கோலங்கள் பிறக்கும். ரட்-எட்ரா பொறியோ கற்றையின் பாதையையே வளைத்தது. படத்தின் ஒளிமிக்க இடங்களில் வரிகள் மேலெழும்பும். ஆதலின் மனித முகமொன்று உழுத வயலின் சால்களாலான குன்றுபோற் காட்சியளிக்கும்.

சன்டின் பொறியிற் கூட்டல், ஒப்பிடல், நிறமூட்டல் முதலிய ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. அவற்றைக் கம்பிகளால் இணைப்பது கலைஞன் வேலை. இந்த அமைப்பே கணினிக்கும் வழிகாட்டியது. மில்லர் பக்கெற் என்பார் 1980களிற் பரிஸ் நகரத்து இர்க்காம் நிலையத்தில் மக்ஸ் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். 1990களிற் பியூர் டேற்றா என்பதை இலவசமாக வெளியிட்டார். இவற்றிற் கட்டளைகளை எழுத்தாற் கோக்க வேண்டுவதில்லை. திரையிற் பெட்டிகளை வரைந்து கோடுகளால் இணைத்தாற் போதும். இசைக்கெனப் பிறந்த இவை, ஜிற்றர், ஜெம் ஆகிய துணைப்பகுதிகள் சேர்ந்தபின் காட்சிக்கும் பயன்படலாயின. ரட்-எட்ராவின் வித்தையும் இங்கு எளிது: படத்தைக் கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் அதன் ஒளியளவுக்கேற்ப உயர்த்தினால் அதே குன்று எழும்.

ஆயினும், போலி முற்றும் மூலமாகிவிடுமா? பழைய பொறியில் மின்சுற்றுச் சூடேறுந்தோறும் அலை சிறிது பிறழும். நேற்றைய கோலம் இன்று அவ்வாறே வாராது. கணினியோ எண்களைப் பிழையின்றித் திருப்பித் தரும். அப்பிறழ்வு வேண்டுமாயின் அதனையும் நாமே கணக்கிட்டுப் புகுத்தல் வேண்டும். மேலும், சுற்றின் விளைவை அச்சுற்றுக்கே திருப்பி ஊட்டும்போது பழைய பொறி கணப்பொழுதில் மறுமொழி கூறும். படம்படமாகக் கணிக்கும் மென்பொருள் ஒரு படமளவேனும் பிந்தும். செக்கனில் முப்பதிலொரு பங்குதான். எனினும் பிறக்கும் உருவம் வேறாகிவிடும்.

இக்குறைகள் மெய்யே. ஆனால் பொறியின் உயிர் அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. சன்டின் தம் பொறியின் வரைபடங்களைப் பூட்டிவைக்கவில்லை. பில் மோர்ட்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து அவற்றைத் தொகுத்து, கட்ட விரும்பியோர்க்கெல்லாம் வழங்கினார். அதனாற் பலர் தம் கையாலேயே அப்பொறியைக் கட்டிக் கற்றனர். இன்று கணினியிற் பெட்டியோடு பெட்டியை இணைத்துப் பார்க்கும் மாணவனும், ஓர் அலை எவ்வாறு உருவமாகிறது என்பதைத் தானே கண்டறிகிறான். பைக் 2006இல் மறைந்தார். ஆக்கியோர் மறைவர், பொறிகளும் துருவேறும். கொடுத்த அறிவோ கற்பவர் கையில் வளரும். மறைத்து வைத்த வித்தைக்கு அப்பேறு இல்லை.