லேப்டாப்பில் திடீரென சத்தம் வரவில்லையா? 'சவுண்ட் கார்டு போச்சு' என்று பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்!

நேற்று வரை நன்றாகப் பாடிய லேப்டாப் இன்று ஊமையாகிவிடுகிறது. விண்டோஸ் அப்டேட் ஆனதும், அல்லது கடையில் ஃபார்மட் போட்டு வாங்கி வந்ததும் இப்படி ஆவது பலருக்கும் பழக்கமான அனுபவம். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் 'சவுண்ட் கார்டு போச்சு, போர்டு மாத்தணும்' என்ற பதில் வரலாம். ஆனால் பெரும்பாலும் அங்கே கெட்டுப்போவது பொருள் அல்ல, டிரைவர் எனப்படும் சின்ன மென்பொருள். அது ஏன் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

டிரைவர் என்றால் என்ன?

வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறைய பேர் வேலை பார்க்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்த சூப்பர்வைசர், ஒடியா மட்டும் தெரிந்த தொழிலாளி. இரண்டு பேருமே வேலையில் கெட்டி. ஆனால் நடுவில் ரெண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இல்லையென்றால் வேலை நடக்காது.

கம்ப்யூட்டரில் அந்த நடு ஆள்தான் டிரைவர். விண்டோஸ் சூப்பர்வைசர் என்றால், ஒலியை உருவாக்கும் சிப் தொழிலாளி. 'இந்தப் பாட்டைப் பாடு' என்று விண்டோஸ் சொல்வதை சிப்புக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது டிரைவரின் வேலை. பெரிய அப்டேட் வந்தால் சூப்பர்வைசர் மாறிவிட்டதுபோல. புதியவர் பேசும் முறை பழைய மொழிபெயர்ப்பாளருக்குப் பிடிபடாவிட்டால், தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு வேலை தெரியாமல் இல்லை. சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

'சவுண்ட் கார்டு' என்று ஒன்று இப்போது இருக்கிறதா?

லேப்டாப்பில் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க வேண்டும் என்றால் கார்டு தனி, காசு தனி. 1997-ல் இன்டெல் 'ஏசி 97' என்ற தர அளவை அறிமுகப்படுத்தியது. 2004-ல் 'ஹெச்டி ஆடியோ' வந்தது. அதன் பிறகு ஒலி வேலை மதர்போர்டில் ஒட்டப்பட்ட ஒரு சின்ன சிப்புக்கு இறங்கிவிட்டது. தைவானின் ரியல்டெக் நிறுவனச் சிப்தான் ஏராளமான லேப்டாப்களில் இருக்கிறது.

எனவே 'சவுண்ட் கார்டு மாத்தணும்' என்று யாராவது சொன்னால், 'எந்தக் கார்டு?' என்று கேட்பதில் தப்பே இல்லை. போர்டில் ஒட்டிய சிப்பை மாற்றுவது பெரிய வேலை. அந்த முடிவுக்குப் போகும் முன் டிரைவரைச் சோதித்தாக வேண்டும்.

ஒரே சிப், ஆனால் டிரைவர் ஏன் வேறு வேறு?

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரே ரியல்டெக் சிப்பை இரண்டு லேப்டாப் கம்பெனிகள் வாங்குகின்றன. ஒரு கம்பெனி ஸ்பீக்கரை ஒரு முனையில் இணைக்கிறது, இன்னொன்று வேறு முனையில். ஒரே மோட்டார்தான், ஆனால் வீட்டுக்கு வீடு ஒயரிங் வேறு என்பதுபோல. அதனால் ஒரு மாடலுக்கான டிரைவரை இன்னொரு மாடலில் போட்டால், 'இன்ஸ்டால் ஆகிவிட்டது' என்று காட்டும், ஆனால் சத்தம் வராது.

புதிய லேப்டாப்களில் சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. பல மாடல்களில் ஸ்பீக்கருக்கென்றே தனியாக ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கிறது. அதற்கு உரிய டிரைவர் இல்லாவிட்டால் ஹெட்போனில் பாட்டு கேட்கும், ஸ்பீக்கரில் கேட்காது. பார்ப்பவர்களுக்கு 'ஸ்பீக்கர் போச்சு' என்றே தோன்றும்.

இப்படி சிப் செய்வது ஒருவர், அதை லேப்டாப்பில் இணைப்பது இன்னொருவர், விண்டோஸ் தருவது மூன்றாமவர். பிரச்னை வந்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். பணம் கொடுத்து வாங்கியவர் நடுவில் நிற்பார்.

விண்டோஸ் அப்டேட் வந்ததும் சத்தம் போவது ஏன்?

இது கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்ட சம்பவங்கள் உள்ளன.

* 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பு, இன்டெல்லின் 11-ம் தலைமுறை பிராசசர் உள்ள சில லேப்டாப்களில் பழைய 'ஸ்மார்ட் சவுண்ட்' டிரைவருடன் ஒத்துப்போகவில்லை. நீலத்திரை வரும் அபாயம் இருந்ததால் அந்த லேப்டாப்களுக்கு அப்டேட் நிறுத்திவைக்கப்பட்டது.

* 2024 டிசம்பரில் 'டிராக்' என்ற ஒலி மேம்பாட்டு மென்பொருள் உள்ள லேப்டாப்களில் ஸ்பீக்கர், ப்ளூடூத் ஹெட்செட் எல்லாமே வேலை செய்யாமல் போனது. புதிய டிரைவர் வந்து தடை நீங்க 2025 செப்டம்பர் ஆனது.

* 2025 ஜனவரி பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பழைய வகை யுஎஸ்பி ஒலிக் கருவிகள் சில 'கோட் 10' என்ற பிழையோடு நின்றுபோயின.

இதற்கெல்லாம் முன்னோடி 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா. ஒலி டிரைவர் தடுமாறினால் மொத்த கம்ப்யூட்டரும் நின்றுபோகும் நிலையை மாற்ற, ஒலி அமைப்பையே மைக்ரோசாஃப்ட் புதிதாக எழுதியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளின் பல வசதிகள் விஸ்டாவில் வேலை செய்யவில்லை. பிரேசிலைச் சேர்ந்த ஒரு புரோகிராமர் டிரைவரைத் தானே திருத்தி அந்த வசதிகளைத் திரும்பக் கொண்டுவந்தார். 2008 மார்ச்சில் கிரியேட்டிவ் நிறுவனம் அவரை நிறுத்தச் சொன்னது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். 'கார்டு என்னுடையது, அதை வேலை செய்ய வைக்கும் உரிமை யாருடையது?' என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

தமிழக மாணவர்களுக்கு இது ஏன் முக்கியம்?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. லட்சக்கணக்கான மாணவர்களிடம் அந்த லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பல இன்றும் தம்பி, தங்கைகள் கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என 2025-26 பட்ஜெட்டிலும் அறிவிக்கப்பட்டது.

'நான் முதல்வன்' பயிற்சி வீடியோ, ஆன்லைன் வகுப்பு, வேலைக்கான வீடியோ இன்டர்வியூ என எல்லாவற்றுக்கும் சத்தம் வேண்டும். மைக்கும் பெரும்பாலும் அதே ஒலிச் சிப் வழியாகத்தான் போகிறது. டிரைவர் போனால் காது மட்டுமல்ல, வாயும் போய்விடும்.

பழைய லேப்டாப்களுக்கு இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு பொதுவாக இன்டெல் 8-ம் தலைமுறை பிராசசர் வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப்களுக்குக் கம்பெனிகள் புதிய டிரைவர் எழுதுவதை நிறுத்தி நாளாகிறது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றினால் முதலில் அடிவாங்குபவற்றில் ஒலியும் ஒன்று.

லினக்ஸ் போட்டால் தீர்ந்துவிடுமா?

பாதி உண்மை. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அரசு லேப்டாப் பயனாளர்கள் பலருக்கும் அறிமுகமானது. பழைய ஒலிச் சிப்களுக்கான டிரைவர்கள் லினக்ஸின் உள்ளேயே இருப்பதால், பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் தேடாமலே சத்தம் வந்துவிடும். 'இந்த மாடலில் ஒயரிங் இப்படி' என்று மாடல் மாடலாக எழுதிய நீண்ட பட்டியலே லினக்ஸில் இருக்கிறது. அதில் பலவும் தன்னார்வலர்கள் கண்டுபிடித்துச் சேர்த்தவை.

புத்தம் புதிய லேப்டாப் என்றால் கதை வேறு. அதன் ஒலிச் சிப்புக்குத் தேவைப்படும் ஃபார்ம்வேர் கோப்பு லினக்ஸ் பதிப்பில் இல்லாவிட்டால் அங்கேயும் நிசப்தம்தான்.

சத்தம் வரவில்லையா? கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

1. எப்போது போனது என்று யோசியுங்கள். அப்டேட் அல்லது ஃபார்மட் ஆன உடனே போனது என்றால் டிரைவர் மீதுதான் முதல் சந்தேகம். கொஞ்ச நாளாகக் கரகரத்து, பிறகு நின்றது என்றால் ஸ்பீக்கராக இருக்கலாம்.

2. ஹெட்போன், ப்ளூடூத் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் சத்தம் போனால் மென்பொருள் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

3. 'டிவைஸ் மேனேஜர்' திறந்து ஒலிப் பிரிவில் மஞ்சள் குறி இருக்கிறதா பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பும்.

4. லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணை, தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் கொடுத்து உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுங்கள். சிப் கம்பெனியின் பொது டிரைவரைவிட இதுவே பொருத்தமானது. 'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்கள் பக்கம் போக வேண்டாம்.

5. லினக்ஸ் உள்ள பென்டிரைவில் லேப்டாப்பை ஆன் செய்து பாருங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அதில் சத்தம் வந்தால் சிப்பும் ஸ்பீக்கரும் நன்றாகவே இருக்கின்றன. வராவிட்டால் மட்டும் உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. லினக்ஸிலும் டிரைவர் இல்லாமல் இருக்கலாம்.

6. ஃபார்மட் போடக் கொடுக்கும்போதே 'டிரைவர் பேக்கப் எடுத்துவிட்டுப் போடுங்க' என்று சொல்லுங்கள்.

7. நாளைக்கே இன்டர்வியூ என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் கைகொடுக்கும். பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. போர்டு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

யாரிடம் கேட்பது?

வாரன்டி இருக்கும்போது அப்டேட்டால் சத்தம் போனால், தயாரித்த கம்பெனியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பொருளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ல் தொடங்கியது. சர்வீஸ், உதிரிபாக விவரங்களை வாடிக்கையாளர் ஒரே இடத்தில் பார்ப்பதற்கான முயற்சி அது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஸ்மார்ட்போன், டேப்லெட் விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் அப்டேட் தர வேண்டும் என்பது அங்கே விதி. லேப்டாப் இந்த விதியில் வரவில்லை.

வல்லக்கோட்டை முருகன் கோயில் சாலையில் ஒரு பக்கம் போனால் ஒரகடம், மறுபக்கம் போனால் 2007-ல் டெல் நிறுவனம் ஆலை தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர். கம்ப்யூட்டரை இங்கேயே பூட்டி அனுப்ப முடிகிறது. ஆனால் அதைப் பேச வைக்கும் மென்பொருள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது வேறு நாட்டில் இருக்கும் கம்பெனிகள். லேப்டாப் வாங்கும்போது ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்று கேட்கிறோம். 'இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் டிரைவர் வரும்?' என்பதையும் இனி சேர்த்துக் கேட்பது நல்லது.