விண்டோஸ் இன்ஸ்டால் 'நெட் இல்லை' என்று பாதியில் நிற்கிறதா? போன் கேபிளே போதும்!

ராத்திரி பத்து மணி. லேப்டாப்பை ஃபார்மேட் செய்து விண்டோஸ் 11 போட்டாச்சு. நாடு, கீபோர்டு எல்லாம் தேர்வு செய்தாச்சு. அடுத்த திரையில் 'நெட்வொர்க்குடன் இணையுங்கள்' என்று வந்து நிற்கிறது. வைஃபை பெயர்கள் வர வேண்டிய இடம் காலி. 'நெக்ஸ்ட்' பட்டனும் மங்கிக் கிடக்கிறது. பழைய விண்டோஸும் போச்சு, புதியதும் திறக்கவில்லை!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் வீட்டிலேயே விண்டோஸ் 11-க்கு மாறுபவர்கள் இந்தத் திரையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஏன் இப்படி?

லேப்டாப்பில் இருக்கும் வைஃபை சிப் வேலை செய்ய 'டிரைவர்' என்ற சிறு மென்பொருள் தேவை. நீங்கள் பென்டிரைவில் ஏற்றிய விண்டோஸில் உங்கள் சிப்புக்கான டிரைவர் இல்லையென்றால், லேப்டாப்பில் வைஃபை இருப்பதே அதற்குத் தெரியாது. நெட் இருந்தால்தான் டிரைவர் டவுன்லோடு ஆகும். டிரைவர் இருந்தால்தான் நெட் கிடைக்கும். ஹோம் எடிஷனோ, நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் நகராது. சிக்கல் இதுதான். உடனே மறுபடி ஃபார்மேட் செய்வதால் பயனில்லை.

பட்டியல் காலியாக இருந்தால்...

* ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் லேப்டாப்பில் இணையுங்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். இதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால், பெரும்பாலும் சில நொடிகளில் நெட் வந்துவிடும். சார்ஜ் மட்டுமே ஏறும் கேபிள் உதவாது.
* லேப்டாப்பில் லேன் போர்ட் இருந்தால், ரூட்டரிலிருந்து நேராக கேபிள் போட்டுப் பார்க்கலாம்.
* வேறொரு கணினியில், லேப்டாப் நிறுவனத்தின் தளத்துக்குப் போய், உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை எடுத்து, ஃபைல்களைப் பிரித்து பென்டிரைவில் போடுங்கள். விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் அதே திரையில் 'இன்ஸ்டால் டிரைவர்' பட்டன் இருக்கிறது.

பெயர் தெரிகிறது, இணையவில்லையா?

பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைச் சரிபாருங்கள். ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். பிரவுசரில் லாகின் கேட்கும் ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபை இந்த இடத்தில் தகராறு செய்யலாம். போன் நெட்டே நல்லது.

இணைந்த பிறகும் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று வந்தால், பயாஸில் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாததாகத் தெரிந்து, சர்வர் இணைப்பு அறுந்துவிடும்.

குறுக்கு வழி வேண்டாமே!

ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தி கட்டளை அடித்து இந்தத் திரையைத் தாண்டும் வழி பிரபலம். ஆனால், அதற்கு உதவிய ஸ்கிரிப்டை 2025 மார்ச்சிலேயே சோதனைப் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. பழைய வீடியோக்களை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், 'இப்போதைக்கு' என்று கடைக்காரர் கணக்கிலோ, நண்பர் கணக்கிலோ லாகின் செய்யாதீர்கள். புதிதாக விண்டோஸ் 11 போடும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் ரெகவரி கீ, முதலில் லாகின் செய்த கணக்கில்தான் சேமிக்கப்படும். பிறகு ஒருநாள் லேப்டாப் அந்த கீயைக் கேட்டால், குடும்பப் போட்டோக்களும் பிள்ளைகளின் புராஜெக்ட்டும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அதனால் ஃபார்மேட் செய்வதற்கு முன்பே மூன்றைத் தயார் செய்யுங்கள்: ஃபைல்களின் நகல், வைஃபை டிரைவர், உங்கள் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டு. கூடவே ஒரு நல்ல டேட்டா கேபிளும் இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு யாரையும் போன் போட்டு எழுப்ப வேண்டியிருக்காது!