மனத்தைப் படிக்க எத்தனை ஆண்டுகள்?

உடலில் நோய் கண்டால் டாக்டரிடம் ஓடுகிறோம். மனத்தில் நோய் கண்டால்? அதைப் பேச்சாலும் பயிற்சியாலும் தீர்க்க முயல்பவரே மருத்துவ உளவியலார். அமெரிக்காவில் இவரும் டாக்டர் பட்டம் பெற்றவரே. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் இவர் மருந்து எழுத முடியாது. அப்பட்டத்தை அங்கே எவ்வாறு பெறுகிறார்கள் என்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து மனம் நொந்து திரும்பிய வீரர்கள் ஏராளம்; அவர்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர்களோ சிலர். இந்நிலையில் 1949இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலார் ஆராய்ச்சி, சிகிச்சை இரண்டிலும் தேர்ந்திருக்க வேண்டும் என்று வகுத்தது. பிஎச்.டி. படிப்பின் அடித்தளம் இதுவே. சிகிச்சைக்கே முதலிடம் தரும் சை.டி. பட்டப்படிப்பு 1968இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

இளநிலைப் பட்டத்துக்குப் பின் பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். முதலில் மனநோய்கள், புள்ளியியல், அறிவுத்திறன் சோதனைகள், தொழில் அறநெறி ஆகிய பாடங்கள். அடுத்து நோயாளியின் முன் அமரும் பயிற்சி. அங்கும் மாணவர் தன்னிச்சையாக நடக்க முடியாது. நோயாளியின் சம்மதத்துடன் உரையாடலைப் பதிவு செய்வார்கள். அல்லது ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னிருந்து மேற்பார்வையாளர் கவனிப்பார். "அவர் அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்பது போன்ற கேள்விகளுக்கு மாணவர் விடை சொல்ல வேண்டும்.

நம் ஆய்வுக்கூடத்தில் டைட்ரேஷன் தவறினால் பியூரெட்டை மீண்டும் நிரப்பிக் கொள்ளலாம். நொந்த மனிதரிடம் சொல்லிவிட்ட சொல்லைத் திரும்பப் பெற முடியுமா? இத்தனை கண்காணிப்பும் அதனால்தான்.

பிறகு தகுதித் தேர்வு, ஆராய்ச்சிக் கட்டுரை, ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப். மாணவரும் பயிற்சி நிலையங்களும் தத்தம் விருப்ப வரிசையை அனுப்ப, 1999 முதல் கணிப்பொறியே இருவரையும் பொருத்துகிறது. பட்டம் பெற்ற பின்னும் 225 வினாக்கள் கொண்ட தேர்வில் வென்றால்தான் உரிமம் கிடைக்கும்.

செலவு? எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கு முதலில் தோன்றிய கேள்வி இதுதான். பல பிஎச்.டி. துறைகள் கட்டணத்தை நீக்கி, கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ உதவித்தொகை தருகின்றன. சை.டி. மாணவர் பலரோ கடன் வாங்கியே படிக்கிறார்கள். சம்பளத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

நண்பர்களே, பிறர் துன்பத்தைக் கேட்பது எளிது என எண்ணுகிறோம். கேட்கக் கற்பதற்கே இத்தனை ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன!